மெஷின் 'வலது' என்கிறது, மைதானத்தில் பந்து இடது போகிறது: மாடியில் கோல்ஃப் லாஞ்ச் மானிட்டரை நேராக வைப்பது எப்படி?

மொட்டைமாடி_7அயர்ன் (மடிப்பாக்கம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் நெட் கட்டி கோல்ஃப் பந்து அடிக்கிற ஆள் நான். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டியின் தூண், இன்னொரு பக்கம் துணி காயப்போடும் இரும்புக் கம்பம், நடுவில் நெட். காலை ஆறு மணிக்கு ஏறினால் ஏழே கால் வரைதான். அதற்கு மேல் தட்டோடு காலைச் சுட ஆரம்பித்துவிடும், கீழிருந்து அம்மாவும் "டொக்கு டொக்குனு இன்னும் எவ்ளோ நேரம்டா" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

என்னிடம் இருப்பது பந்துக்குப் பின்னால் வைக்கிற ரேடார் வகை லாஞ்ச் மானிட்டர், அதாவது அடித்த பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்று அளந்து சொல்கிற கருவி. ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். பந்துக்கு ஏழடி பின்னால் குட்டி ஸ்டாண்டில் நிற்கிறது. பந்திலிருந்து நெட் பத்தடி. இதற்கு மேல் இடம் கிடையாது, பின்னால் போனால் மாடிப்படி.

பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அது சொல்வது ஒன்றுதான்: வலது. 7 அயர்ன் மட்டையால் அடித்தால் பந்து 4 டிகிரி வலப்பக்கம் கிளம்பியது என்கிறது, சில நேரம் 5. நான் வலது கைக்காரன். சரி, கிளப் ஃபேஸ் (மட்டையின் முகம்) வலப்பக்கம் திறந்திருக்கிறது போல என்று நானே தீர்ப்பு எழுதி, வீடியோ பார்த்து கிரிப்பை மாற்றினேன். இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் பயிற்சி. மெஷினில் 4 டிகிரி 1 டிகிரியாக இறங்கியது. வீட்டில் கேசரி செய்யச் சொல்லாத குறை.

போன ஞாயிறு நண்பர் ஒருவரின் விருந்தாளியாக நந்தனம் மைதானத்துக்குப் போனேன். முதல் ஹோலிலேயே பந்து இடது பக்க மரத்துக்குள். மூன்றாவதில் மறுபடி இடது. ஐந்தாவதில், பை தூக்கி வருகிற கேடி அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கிரிப்ப எதுக்கு சார் மாத்துனீங்க, போன தடவ நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். இரண்டு மாத உழைப்பு அந்த ஒரு வரியில் போயிற்று.

பழைய கிரிப்புக்கே திரும்பிவிட்டேன். மெஷின் மறுபடி 4 டிகிரி வலது என்கிறது. ஆக, மெஷின் பார்க்கிற திசையும் நான் பார்க்கிற திசையும் வேறு வேறு என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் தட்டோட்டு வரிசை கோடு போட்டதுபோல இருக்கிறதே, அந்தக் கோட்டில்தானே வைக்கிறேன்? போனில் உள்ள திசைகாட்டியையும் வைத்துப் பார்த்தேன், அரையடி நகர்த்தினால் வேறு எண் காட்டுகிறது. எப்படித்தான் நேராக வைப்பது? இல்லை, பக்கத்தில் வைக்கிற கேமரா வகைக்கு மாறிவிட வேண்டுமா? பட்ஜெட் கிடையாது என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

ஈசிஆர்_ஸ்லைஸ் எழுதியது:

ப்ரோ, நம்ம எல்லோருக்கும் வலதுதான் போகும், மெஷின் பாவம். இரண்டு அலைன்மென்ட் ஸ்டிக் (நேர் பார்க்கிற குச்சி) வாங்கி, ஒன்றைக் காலுக்கு, ஒன்றைப் பந்துக்கு முன்னால் போடுங்கள். மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நேரா கோணலா என்று தெரிந்துவிடும். நான் அப்படித்தான் வைக்கிறேன்.

தூக்குக்குண்டு (நங்கநல்லூர்) எழுதியது:

தம்பி, எனக்கு 67. வயது தெரியாமல் தம்பி என்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தைந்து வருஷம் கட்டட வேலையில் சைட் பார்த்தவன், கோல்ஃப் ஓய்வுக்குப் பிறகு பிடித்த வியாதி. உங்கள் கேள்வி கோல்ஃப் கேள்வியே இல்லை, கொத்தனார் கேள்வி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தட்டோட்டை மறந்துவிடுங்கள். மாடியில் ஓடு பதிக்கிறவர் வாட்டம் பார்ப்பார், மழைத் தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓட வேண்டும் என்பதுதான் அவர் கவலை. வரிசை கைப்பிடிச் சுவருக்கு இணையாக இருந்தால் அவருக்குப் போதும். உங்கள் நெட்டோ தொட்டித் தூணுக்கும் துணிக் கம்பத்துக்கும் நடுவில் தொங்குகிறது. அந்த இரண்டையும் யாரும் ஓட்டு வரிசை பார்த்து நட்டிருக்க மாட்டார்கள். கோடு நேராக இருக்கலாம், ஆனால் அது உங்கள் கோடு இல்லை.

திசைகாட்டியையும் விடுங்கள். காலடியில் கான்கிரீட் தளம் முழுக்க முறுக்குக் கம்பி. அதன் மேல் காந்த ஊசி ஒழுங்காக நின்றால்தான் ஆச்சரியம்.

கண்ணை மூடிப் பார்க்கச் சொன்ன தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் மெஷின் உள்ளங்கை அளவு. அகலம் ஆறு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓரம் 2 மில்லிமீட்டர் முன்னே தள்ளியிருந்தால் கிட்டத்தட்ட 2 டிகிரி திரும்பிவிட்டது என்று அர்த்தம். 150 யார்டில் அது 5 யார்டு. இரண்டு மில்லிமீட்டரை உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற கண் யாருக்கும் இல்லை, எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகும் இல்லை.

மெஷினுக்கு ஒன்று தெரியும், ஒன்று தெரியாது. கீழ்நோக்கிய திசை எது என்று தெரியும். பல கருவிகளில் அதற்கான சென்சார் உள்ளேயே உண்டு, ரசமட்டம் மாதிரி, சாய்வை அதுவே சரிசெய்துகொள்ளும். ஆனால் உங்கள் இலக்கு எந்தப் பக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்? மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் அதற்கு நேர். அது இடப்பக்கம் 4 டிகிரி திரும்பி நின்றால், நீங்கள் நேராக அடிக்கிற பந்தெல்லாம் அதற்கு 4 டிகிரி வலது.

செய்ய வேண்டியது மூன்று புள்ளிகளை ஒரே கோட்டில் கொண்டுவருவது: மெஷினின் நடு, பந்து, நெட்டில் குறி. சுவருக்கு நேராக இருக்க வேண்டும், நெட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

நெட்டில் குறி வைக்க ரிப்பன் கட்டாதீர்கள். காற்றில் நெட் ஆடும், குறியும் ஆடும். மேல் கயிற்றிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். பாரிமுனைக்குப் போக வேண்டாம், தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். குண்டும் ஆடத்தான் செய்யும். அதற்குக் கீழே அரை வாளி தண்ணீர் வைத்து, குண்டு வாளியைத் தொடாமல் தண்ணீருக்குள் முங்கும்படி விடுங்கள். நாலு மூச்சு விடுவதற்குள் ஆட்டம் அடங்கி நூல் குத்திட்டு நிற்கும். பல மாடிக் கட்டடத்தில் தூண் நேர் பார்க்கும்போது நாங்கள் செய்கிற வேலைதான் இது.

அப்புறம் அந்தக் குண்டு நூலை ஒட்டி, கொத்தனார் கட்டுகிற நைலான் நூலை ஆரம்பித்து மெஷினுக்கு இரண்டடி பின்னால் வரை இழுங்கள். இரண்டு முனையிலும் செங்கல் வைத்து நூலைப் பந்தின் உயரத்துக்குச் சற்று மேலே தூக்கிக்கொள்ளுங்கள், தரையில் உரசினால் வளையும். விரலால் சுண்டினால் 'டங்' என்று அதிர வேண்டும், அந்த அளவுக்கு இழுவை. பந்து அந்த நூலுக்கு நேர் கீழே. மெஷினை மட்டும் நூலைப் பார்த்து வைக்காதீர்கள், மறுபடி அதே 2 மில்லிமீட்டர் கதைதான். ஒரு மீட்டர் அலுமினிய மட்டப்பலகையை நூலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பலகைக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து, பிறகு மெஷினின் பக்கவாட்டைப் பலகையோடு ஒட்டி வையுங்கள். அதே 2 மில்லிமீட்டர் பிசகு ஒரு மீட்டர் நீளத்தில் வந்தால் 0.1 டிகிரிதான். மெஷினின் பக்கம் வளைவாக இருந்தால் பலகையில் மூலைமட்டம் வைத்து, அதன் குறுக்குக் கையில் மெஷினின் முதுகைச் சாய்க்கலாம்.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், இன்று மெஷின் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டு ஒரு சோதனை செய்யுங்கள். நெட்டுக்கு முன்னால் கறுப்புத் துணியைத் தொளதொளவென்று தொங்கவிட்டு, பந்தில் கோலமாவு தடவி அடியுங்கள். துணியில் வெள்ளைத் தடம் விழும். குண்டு நூலிலிருந்து தடம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி என்று அளந்தால், பத்தடியில் 5.3 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி. பத்தடிக்குள் பந்து வளையாது, கிளம்பிய திசைதான் துணியில் விழும். துணி சொல்வதையும் மெஷின் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் ஒவ்வொரு பந்துக்கும் மாறினால் மெஷினில் கோளாறு. மாறாமல் ஒரே எண்ணாக நின்றால் கோளாறு நீங்கள் வைத்த இடத்தில்.

பெருங்குடி_புட்டர் எழுதியது:

பக்கத்தில் வைக்கிற கேமரா வகை என்னிடம் இருக்கிறது, மாறலாமா என்று கேட்டதால் சொல்கிறேன். மாறினால் இந்தத் தலைவலி தீராது, வேறு ரூபத்தில் வரும். ரேடார் கோட்டின் மேல் நிற்கிறது, கேமரா கோட்டுக்குப் பக்கத்தில் நின்று குறுக்கே பார்க்கிறது. அதனால் அதன் முன் விளிம்பு கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். விளிம்பு ஒரு அடிகூட இருக்காது, எனவே ஐயா சொன்ன அதே மில்லிமீட்டர் கணக்கு இங்கேயும் உண்டு.

எங்கள் ஃபிளாட்டில் ஒரு அறையில் ஸ்கிரீன் கட்டியிருக்கிறேன். ஸ்கிரீனுக்கு நடுவில் படம் விழுவதால் எனக்குக் கோடு ஸ்கிரீனுக்குச் செங்குத்தாகத்தான் இருக்க வேண்டும், உங்களைப் போல் சுதந்திரம் கிடையாது. பக்கச் சுவர் ஸ்கிரீனுக்குச் செங்குத்து என்று நம்பி அதற்கு இணையாக வைத்து ஆறு மாதம் ஏமாந்தேன். பிறகு 3, 4, 5 போட்டுப் பார்த்தேன்: ஸ்கிரீன் அடியில் மூன்றடி, தரையில் நான்கடி, குறுக்கே ஐந்தடி வர வேண்டும். எங்கள் சுவரில் குறுக்கே ஐந்தடி ஒன்றேகால் அங்குலம் வந்தது. பில்டரைப் பற்றி இங்கே எழுதினால் திரி திசைமாறிவிடும்.

ஒன்று மட்டும். கேள்வி கேட்டவர் கிரிப்பை மாற்றுவதற்கு முன் ஒரு எண்ணைப் பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். மெஷின் திரும்பி நின்றால் பந்து கிளம்பும் திசை, கிளப் பாத் (மட்டை வீசி வரும் பாதை), ஃபேஸ் மூன்றும் ஒரே அளவு பொய் சொல்லும். ஆனால் ஃபேஸுக்கும் பாத்துக்கும் உள்ள வித்தியாசம் மாறாது, இரண்டிலும் ஒரே பிழை இருப்பதால் கழித்தால் போய்விடும். பந்து வளைவது அந்த வித்தியாசத்தால்தான். உங்களுக்கு அந்த எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்து, பந்து வளையாமல், ஆனால் எப்போதும் 4 டிகிரி வலது என்று வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கையை அல்ல.

மொட்டைமாடி_7அயர்ன் எழுதியது:

நேற்று செய்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கறுப்புத் துணிக்கு அப்பாவின் சபரிமலை வேட்டியை எடுத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டார். "சாமி வேட்டிடா, அதுலயா பந்தடிப்ப?" பத்து நிமிடம் திட்டிவிட்டு, தன் பழைய கறுப்பு உள்பாவாடை இரண்டைப் பிரித்து, ஒன்றோடு ஒன்று தைத்து அவரே கொண்டுவந்து கொடுத்தார். கோலமாவும் ஒரு கிண்ணத்தில். பிறகு கீழே போகாமல் தொட்டி நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

குண்டும் வாளியும் பற்றி ஐயா சொன்னதை முழுசாக நம்பவில்லை. ஆறு மணிக்குக் காற்றே இல்லை, வாளி எதற்கு என்று நினைத்தேன். குண்டைத் தொங்கவிட்டேன். காற்று இல்லை, ஆனால் நான் கை வைத்த ஆட்டமே நிற்கவில்லை. வாளியை நகர்த்தி வைத்ததும் குண்டு தண்ணீருக்குள் சோம்பலாக ஒரு வட்டம் போட்டது, அப்புறம் அரை வட்டம், அப்புறம் அசையவே இல்லை. அம்மாவே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

மாவு ஈரப் பந்தில் அப்பும் என்று நினைத்தேன், அப்பியது, ஆனால் அடித்ததும் பாதி என் முகத்தில். உலர்ந்த பந்தை மாவில் புரட்டி உதறிவிட்டு வைத்தால் துணியில் எட்டணா நாணயம் அளவுக்குத் தடம் விழுகிறது.

பத்து பந்து, பழைய கிரிப், 7 அயர்ன். முதல் பந்து: மெஷின் 5.1 வலது, துணியில் நூலுக்கு வலப்பக்கம் 7 சென்டிமீட்டர், அதாவது 1.3 டிகிரி. இரண்டாவது: மெஷின் 2.9 வலது, துணியில் இடப்பக்கம் 5 சென்டிமீட்டர். இதைப் பார்த்தபோதுதான் உட்கார்ந்துவிட்டேன். இடப்பக்கம் போன பந்தை மெஷின் வலது என்கிறது, அந்த எண்ணை நம்பி இரண்டு மாதம் கையை முறுக்கியிருக்கிறேன். மூன்றாவது: மெஷின் 4.4, துணியில் வலது 3 சென்டிமீட்டர். மூன்றுக்கும் வித்தியாசம் 3.8. மற்ற ஏழுக்கும் 3.6-க்கும் 4-க்கும் நடுவில், என் டேப்பு வாசிப்புக்கு அது போதும்.

நூல் இழுத்த பிறகு தட்டோட்டு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்தடியில் 14 சென்டிமீட்டர் இடப்பக்கம் விலகுகிறது. 2.6 டிகிரி அதிலேயே போயிற்று. மீதி 1.2 டிகிரி ஸ்டாண்டில் மெஷின் லேசாகத் திரும்பி நின்றதால், அகலத்தில் கணக்குப் போட்டால் 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்தத் திருகலை விரலால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மட்டப்பலகை வைத்து மறுபடி பத்து பந்து. இப்போது மெஷினுக்கும் துணிக்கும் வித்தியாசம் 0.3, 0.4. விட்டுவிட்டேன். என் ஸ்விங்கில் அதைவிடப் பெரிய மர்மங்கள் இருக்கின்றன. பெருங்குடி மேடம் சொன்ன ஃபேஸ், பாத் வித்தியாசத்தையும் பழைய பதிவுகளில் போய்ப் பார்த்தேன். கிரிப் மாற்றுவதற்கு முன் சராசரியாக அரை டிகிரிகூட இல்லை. மாற்றிய பிறகு ஃபேஸ் 3 டிகிரி இடப்பக்கமாக மூடியிருக்கிறது. நந்தனத்து மரங்கள் சும்மா கூப்பிடவில்லை.

தினமும் நூல் கட்ட முடியாது என்பதால் மெஷின் இடத்தையும் பந்து இடத்தையும் நிரந்தரமாகக் குறித்துவைக்கப் போகிறேன். சாக்பீஸ் போட்டது நேற்று மாலை தூறலிலேயே அழிந்துவிட்டது. ஓட்டில் சின்ன கான்கிரீட் ஆணி இரண்டு அடித்து விடலாம் என்று இருக்கிறேன்.

ஈசிஆர்_ஸ்லைஸ் எழுதியது:

நானும் மாவு டெஸ்ட் பண்ணினேன். என் மெஷின் நேராகத்தான் இருக்கிறது. பந்துதான் வலது. 🙏

தூக்குக்குண்டு எழுதியது:

ஆணி அடிக்காதே தம்பி! தட்டோட்டில் துளை விழுந்தால் அடியில் இருக்கிற சுண்ணாம்புச் சல்லி தண்ணீர் குடிக்கும், அடுத்த மழைக்குக் கீழ் அறைக் கூரையில் ஈரம் தெரியும். எனாமல் பெயின்டில் நான்கு புள்ளி வை, போதும். ஒன்று பந்துக்கு, இரண்டு மட்டப்பலகையின் இரு முனைக்கு, ஒன்று குண்டுக்கு நேர் கீழே. கம்பம் வெயிலில் காய்ந்து மழையில் நனைகிற இரும்பு, நெட்டை ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் கொஞ்சம் வளையும். மாதம் ஒரு முறை குண்டு அதே புள்ளியில் இறங்குகிறதா பார்.

பந்து வைத்து அடிக்கிற விரிப்பையும் (மேட்) பெயின்ட் புள்ளிக்கு நேராகப் போடு. மேட்டில் ஒரே இடம் தேய்ந்ததும் எல்லோரும் பந்தை இரண்டங்குலம் தள்ளி வைப்பார்கள், பிறகு மெஷினைப் புதுப் பந்தைப் பார்த்து லேசாகத் திருப்புவார்கள். ஏழடியில் இரண்டங்குலம் ஒன்றரை டிகிரிக்குப் பக்கம். பந்தை நகர்த்தாமல் மேட்டை நகர்த்து.

மொட்டைமாடி_7அயர்ன் எழுதியது:

ஐயா, ஒரு ஆணி ஏற்கெனவே அடித்துவிட்டேன். உங்கள் பதில் வருவதற்கு இருபது நிமிடம் முன்னால். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கீழே இருப்பது அவருடைய அறை.

தூக்குக்குண்டு எழுதியது:

பிடுங்கி எடு. துளைக்குள் தூசி இல்லாமல் ஊது, தண்ணீர் தெளித்து ஈரமாக்கு. வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமென்டைக் குழைத்து ஒரு குச்சியால் உள்ளே குத்திக் குத்தி அடை, மேலே தேய்த்து விட்டுவிடாதே. மூன்று நாள் ஈரச் சாக்கு போட்டு வை. ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிடு. அம்மா கேட்டால் கோலப் புள்ளி என்று சொல்.